வெய்வர்: விலக்கா, தளர்வா?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவியைக் கொண்டு கோலாவும் மிட்டாயும் வாங்கக்கூடாது என்று ஒவ்வொரு மாநிலமாக விதி கொண்டுவருகிறது. அதற்காக மாநிலங்கள் வாங்கும் அனுமதியை ஆங்கிலத்தில் வெய்வர் (waiver) என்கிறார்கள். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘குளிர்பான விலக்கு’, ‘மிட்டாய் விலக்கு பெற்ற மாநிலங்கள்’ என்று எழுதுவது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நெப்ராஸ்கா குளிர்பான விலக்கு பெற்றது என்றால் என்ன பொருள்? அங்கே குளிர்பானம் வாங்கலாமா, கூடாதா? அந்தத் தொடரை வைத்துக்கொண்டு சொல்ல வழியே இல்லை. ‘நீட் விலக்கு’ என்று பல வருடமாகக் கேட்டுப் பழகிய காது, குளிர்பானத்துக்கு ஏதோ சலுகை கிடைத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். நடந்ததோ நேர் எதிர்.

வெய்வர் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் பழைய நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கைவிடுதல், உரிமை கோராமல் விட்டுவிடுதல் என்பது மூலப் பொருள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளையும் ஆதரவற்ற குழந்தையையும் குறிக்கும் வெய்ஃப் என்ற சொல் இதற்கு உறவு. கையசைப்பதைக் குறிக்கும் வேவ் உறவல்ல, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆக, தன்னிடம் இருக்கும் ஓர் உரிமையையோ, தான் பிறர்மேல் செலுத்தக்கூடிய ஒரு விதியையோ, ஒருவர் தானாக முன்வந்து விட்டுக்கொடுப்பது வெய்வர்.

இங்கே விட்டுக்கொடுப்பது யார், எதை? அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல் தேடினால் தப்பான சொல்தான் கிடைக்கும். அந்த உதவித் திட்டத்தின் பெயர் ஸ்நாப். துணை ஊட்டச்சத்து உதவித் திட்டம் என்று சொல்லலாம். 2025இல் சுமார் 4.2 கோடி பேர் அதை நம்பி இருந்தார்கள். மாதாமாதம் ஓர் அட்டையில் தொகை ஏறும், கடையில் அதைத் தேய்த்து உணவு வாங்கலாம். எது உணவு என்பதை நாடாளுமன்றச் சட்டமே வரையறுக்கிறது: வீட்டில் உண்பதற்கான எந்த உணவுப் பொருளும் உணவுதான், மது, புகையிலை, அப்படியே சாப்பிடத் தயாராக இருக்கும் சூடான உணவு ஆகியவை சேராது. காய்கறி விதை வாங்கலாம். கடையில் சுடச்சுட இருக்கும் முழுக்கோழியை வாங்க முடியாது, அதையே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் வாங்கலாம். நம் ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, பருப்பு என்று பொருளையே முடிவு செய்து தருகிறார்கள். அங்கே பணமதிப்பைத் தந்துவிட்டுத் தேர்வை மக்களிடம் விடுகிறார்கள். அதனால்தான் அங்கே இது இவ்வளவு பெரிய விவகாரம்.

இந்த வரையறை நாடு முழுதுக்கும் ஒன்று. மாநிலம் தன் விருப்பத்துக்கு அதைச் சுருக்க முடியாது. சுருக்க வேண்டுமென்றால் அமெரிக்க மத்திய அரசின் வேளாண்மைத் துறையிடம் போய், ‘சோதனை முயற்சியாகச் சில காலம் இந்த வரையறை எங்களைக் கட்டுப்படுத்தாமல் இருக்கட்டும்’ என்று கேட்க வேண்டும். துறை சம்மதித்தால் அதுதான் வெய்வர். 2004இல் மினசோட்டா கேட்டது, கிடைக்கவில்லை. நியூயார்க் நகரம் சர்க்கரை பானங்களுக்காக 2010இல் கேட்டது, 2011இல் மறுத்துவிட்டார்கள். 2018இல் மெய்ன் மாநிலத்துக்கும் அதே பதில். 2025 மே மாதம்தான் முதல்முறையாக நெப்ராஸ்காவுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18 மாநிலங்கள் வாங்கிவிட்டன. 2026 ஜனவரி 1 அன்று நெப்ராஸ்கா, அயோவா, இண்டியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்தது.

கவனியுங்கள், இதில் தளர்ந்தது மாநில அரசின் கட்டு. இறுகியது மக்களின் கட்டு. ஒரே ஆணையில் இரண்டும் நடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் விலக்கு என்ற சொல்லைப் போடுகிறார்கள்!

விலக்கு கெட்ட சொல் அல்ல, நல்ல பழந்தமிழ்ச் சொல். ஆனால் அது இரண்டு பக்கமும் திரும்பும். மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குதல், அதாவது கூடாது என்பது. வரிவிலக்கு என்றால் வரியிலிருந்து விலக்கு, அதாவது கட்ட வேண்டாம் என்பது. முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை, பின்னது ஐந்தாம் வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து கிடப்பதால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. பழக்கத்தால் நாம் சரியாகப் புரிந்துகொள்கிறோம். மதுவிலக்கு என்றதும் மதுவுக்குச் சலுகை என்று யாரும் நினைப்பதில்லை. பழக்கமில்லாத புதுத் தொடருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘குளிர்பான விலக்கு’ குளிர்பானத்தை விலக்குவதா, குளிர்பானத்துக்கு விலக்களிப்பதா? ஐயோ பாவம், வாசகர் என்ன செய்வார்! தென் மாவட்டங்களில் பேருந்து நடத்துநர் ‘விலக்கு இறங்கு’ என்றால் பிரதான சாலையிலிருந்து ஊருக்குக் கிளை பிரியும் இடம் என்று பொருள். அங்கேயும் விலகிப் போவதுதான் அடிப்படை. எதிலிருந்து எது விலகுகிறது என்பதைச் சொல்லாமல் விலக்கு என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான் போய்ச் சேரும்.

விதிவிலக்கு என்று போட்டால் தீர்ந்தது என்பார்கள் சிலர். எனக்கு அதுவும் உடன்பாடில்லை. இன்றைய வழக்கில் விதிவிலக்கு என்றால் பொதுவான போக்கில் அடங்காத ஒன்று. ‘எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் வருகிறது, எங்கள் வீடு மட்டும் விதிவிலக்கு’ என்போம். அதில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் பின்னால் போனால், அறமாவது விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று பரிமேலழகர் எழுதுகிறார். அங்கே விதி என்பது செய் என்ற கட்டளை, விலக்கு என்பது செய்யாதே என்ற கட்டளை. இவ்வளவு சுமை ஏறிய சொல்லின்மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவானேன்?

தள்ளுபடி வேறு வந்து சேர்ந்திருக்கிறது. கடன் தள்ளுபடி என்பது நல்ல, எல்லாருக்கும் புரிகிற தமிழ். கடன் கொடுத்தவர் தன் உரிமையைக் கைவிடுகிறார், ஆகவே அங்கே வெய்வருக்கு அது சரியாகவே பொருந்துகிறது. அதற்காக எல்லா வெய்வரும் தள்ளுபடி ஆகிவிடுமா? நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி என்றால் ஏற்கவில்லை என்று பொருள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்றால் விலைக்குறைப்பு. ‘மாநிலங்களுக்குக் குளிர்பானத் தள்ளுபடி’ என்று எழுதினால் கோலா மலிவாகிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அகராதியில் முதலில் இருக்கும் சொல்லையோ இயந்திரம் முதலில் துப்பும் சொல்லையோ எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற பழக்கத்தின் விளைவு இது. மொழிபெயர்ப்பவர் தான் எழுதிய வாக்கியத்தை ஒருமுறை, ஆங்கிலத்தை மறந்துவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே இதில் பாதி போய்விடும்.

என் பரிந்துரை விதித்தளர்வு. ஊரடங்குத் தளர்வு என்று கொரோனாக் காலத்தில் நாடே சொல்லிப் பழகிய சொல். ஊரடங்கு ரத்தாகவில்லை, சிலருக்குச் சில நேரத்துக்குத் தளர்ந்தது என்பது பாமரருக்கும் அப்போது விளங்கியது. இங்கேயும் சட்டம் அப்படியே இருக்கிறது, நாடாளுமன்றம் அதைத் திருத்தவில்லை. கேட்ட மாநிலத்துக்கு மட்டும், கால வரையறையோடு தளர்கிறது. தளர்வு என்றால் மக்களுக்கு ஏதோ தாராளம் என்று தோன்றாதா என்று கேட்கலாம். தோன்றும், யாருக்குத் தளர்வு என்பதை எழுதாமல் விட்டால். ‘மாநில அரசுக்கு’ என்ற நான்காம் வேற்றுமையைச் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை. தலைப்பில் இடமில்லை என்றால் அனுமதி என்று எளிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், அது பொருளைக் கவிழ்க்காது.

சரி, தளர்வை வைத்து மாநிலம் செய்வதற்கு என்ன பெயர்? தடை என்று எழுதுகிறார்கள். தடை அல்ல. நெப்ராஸ்காவில் அதே கடையில், அதே ஆள், தன் கைக்காசைக் கொடுத்துக் கோலா வாங்கலாம். உதவி அட்டையைக் கொண்டு வாங்கத்தான் முடியாது. ஆகவே அது கட்டுப்பாடு. முழுதாகச் சொன்னால் உதவிப் பணத்தில் வாங்குவதற்கான கட்டுப்பாடு. நீளம்தான், ஆனால் ‘அமெரிக்காவில் குளிர்பானத்துக்குத் தடை’ என்ற பொய்யைவிட நீளம் மேல். ‘இனிப்புகளுக்குக் கட்டுப்பாடு’ என்று பொதுவாக எழுதுவதும் தப்பு. அயோவா தன் விற்பனை வரிச் சட்டத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டப்படி மாவு சேர்ந்த இனிப்பு மிட்டாய்க் கணக்கில் வராது. அதனால் வெறும் சாக்லேட் கட்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, உள்ளே பிஸ்கட் வைத்த சாக்லேட்டுக்கு இல்லை. இனிப்பு என்ற சொல்லில் அல்வாவும் கேக்கும் சேர்ந்து வந்துவிடும். மிட்டாய் என்றே எழுதலாம்.

இத்திட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரான ஃபுட் ஸ்டாம்ப் என்பதற்கு வழங்கும் உணவு முத்திரை என்ற சொல்லையும் சிலர் குறை சொல்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இத்திட்டம் தொடங்கியபோது உண்மையிலேயே ஒட்டுவில்லை போன்ற சீட்டுகளைத்தான் கொடுத்தார்கள். ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறச் சீட்டு வாங்கினால் அரை டாலர் மதிப்புள்ள நீலச் சீட்டு இலவசம். ஆரஞ்சுக்கு எந்த உணவும் வாங்கலாம், நீலத்துக்கு விளைச்சல் மிஞ்சிப்போனதாக அரசு அறிவித்த பொருள்கள் மட்டும். இலங்கையில் 1979இல் இத்தகைய திட்டம் வந்தபோது உணவு முத்திரை என்றே வழங்கினார்கள். அங்கே முத்திரை என்றாலே தபால்தலை, எனவே சொல் கச்சிதம். தமிழ்நாட்டில் முத்திரை ரப்பர் முத்திரையை நினைவூட்டும் என்பதற்காக ‘உணவுத் தபால்தலை’ என்று புதிதாகச் செய்வது வேண்டாத வேலை. ஈழத்தவர் ஏற்கெனவே புழங்கிய சொல் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. தவிர, 2008இல் அமெரிக்கச் சட்டத்திலேயே அந்தப் பழைய பெயர் போய்விட்டது. இன்றைய செய்திக்கு உணவு உதவி என்பதே போதும்.

ஆகவே அந்தச் செய்தியை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: ‘உணவு உதவி அட்டையில் குளிர்பானம் வாங்க நெப்ராஸ்காவில் கட்டுப்பாடு, மாநில அரசுக்கு வேளாண்மைத் துறை விதித்தளர்வு.’