விழிப்புணர்வு அன்று, நனவு

தன்னையும் சூழலையும் உள்ளே உணரும் நிலையான ‘கான்ஷியஸ்னஸ்’ என்பதற்கு ‘விழிப்புணர்வு’ என்று எழுதுவதை இனியும் பொறுப்பதற்கில்லை. அண்மையில் இலங்கை மலையகத்தின் அட்டனில் நடந்த அறிவியல் உரையொன்றின் பதாகையில் ‘விழிப்புணர்வின் பிறப்பிடம் மூளையா, குவாண்டமா?’ என்றிருந்தது. அதை எழுத்துக்கூட்டி வாசித்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், “டெங்குக் கூட்டமா தம்பி?” என்று கேட்டார். அவர்மேல் பிழையில்லை, லயக் குடியிருப்பு வாசலில் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் வருவதுதானே இங்கு விழிப்புணர்வு. (குவாண்டத்துக்கு நம் பாடநூல்கள் தந்த ‘சொட்டு’ என்ற அழகிய சொல்லை அப்பதாகை மறந்தது வேறு கதை.)

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். ‘உடனறிதல்’ என்பது வேர்ப்பொருள். மனச்சாட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது.

விழிப்புணர்வு என்பது ஒருவருக்கு ஊட்டப்படுவது. நாம் பேசுவதோ எவரும் ஊட்டாமலே உள்ளே இருப்பது. மேலும், விழித்திருத்தலை மூளைத்தண்டு இயக்குகிறது என்பதில் எவருக்கும் வழக்கில்லை. மூளை கடுமையாகச் சேதமுற்ற சிலர் உறங்குவர், கண் விழிப்பர், ஆயினும் எதையும் உணர்வதற்கான அறிகுறி அவர்களிடம் இராது. விழிப்பு உண்டு, மற்றது இல்லை. அந்த மற்றதைப் பற்றியதே வழக்கு. நரம்புக்கலங்களின் செயற்பாடே அதைத் தோற்றுவிக்கிறது என்பர் பெரும்பாலான நரம்பியலாளர். அக்கலங்களுக்குள் சட்டகம்போல் இருக்கும் புரத நுண்குழாய்களில் நிகழும் குவாண்டம் மாற்றங்களே, அதாவது அணுவளவிலான நுண் இயற்பியல் மாற்றங்களே, காரணம் என்று 1990களில் இயற்பியலாளர் பென்ரோசும் மயக்கவியல் மருத்துவர் ஹாமெரோபும் முன்வைத்தனர். வெதுவெதுப்பான மூளையில் அத்தகைய குவாண்டம் நிலை நொடியின் 10 இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் குலைந்துவிடும் என்று 2000இல் இயற்பியலாளர் டெக்மார்க் கணக்கிட்டு மறுத்தார். இதையெல்லாம் ‘விழிப்புணர்வு நுண்குழாயில் உருவாகிறது’ என்று மொழிபெயர்ப்பவர், தாம் எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்திருக்கலாம்.

குளவி கொட்டி மயங்கியவரை ‘நெனவு தப்பிப்போச்சு’ என்கிறோம். பொருத்தமான பேச்சுவழக்குதான், ஆனால் எழுத்தில் நினைவு ஞாபகத்தையும் குறிப்பதால், பழையதை மறந்தவரும் நினைவற்றவர் ஆகிவிடுவார்.

நனவு என்பதே என் தேர்வு. நனவிலி (மனத்தின் நாம் உணராத பகுதி), நனவோடை (எண்ணங்களின் ஓட்டம்) என்று அதற்குக் கிளைச்சொற்கள் ஏற்கெனவே உண்டு. ‘நனவினால் கண்டதூஉம் ஆங்கே கனவுந்தான் கண்ட பொழுதே இனிது’ என்று குறள் அதைக் கனவுக்கு எதிரே நிறுத்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆதியில் இதுவும் விழிப்பையே குறித்தது. ஆனால் அன்றாடப் பேச்சில் புழங்காததால் புதுப்பொருளை ஏற்க அதற்கு இடமிருக்கிறது. கனவிலும் நனவு உண்டு என்று எழுத நேர்கையில் மட்டும் சற்று இடறும். அவ்விடத்தில் ‘கனவின்போதுள்ள நனவுநிலை’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.