கீற்றணியைத் துடைக்காதீர்கள்

லென்ஸைத் துடைத்துப் பழகிய கை, தூசியைக் கண்டால் சும்மா இருக்காது. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர், நல்ல எண்ணத்தோடுதான், ஆல்கஹால் தொட்ட தாளால் கீற்றணியின் மேல், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோடுகள் நிறைந்த தகட்டின் மேல், ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். தூசி போய்விட்டது. அந்த இழுப்பின் தடம் இன்னும் இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வானவில்லின் நடுவே மங்கிய பட்டையாகத் தெரியும்.

நம் கைக்கு வரும் எதிரொளிப்புக் கீற்றணிகளில் பெரும்பாலானவை நகல்கள். வைர முனையால் கோடு கோடாகக் கீறிய மூலத்திலிருந்து பிசினில் அச்சு எடுத்து, மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு கொடுத்திருப்பார்கள். தாள் உரசினாலே பள்ளங்களின் விளிம்பு மழுங்கும். விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

அப்புறம் ஒளி சிதறத் தொடங்கும். நட்சத்திரத்தில் உள்ள தனிமங்கள் ஒளியை உறிஞ்சுவதால் அதன் நிறமாலையில் விழும் கருங்கோடுகளில் இந்தச் சிதறல் ஒளி போய் நிரம்பினால், கோட்டின் ஆழம் குறைந்து தெரியும். அந்தத் தனிமம் அங்கே இருப்பதைவிடக் குறைவு என்று நாம் கணக்குப் போட்டுவிடுவோம். தூசி செய்யும் கெடுதல் இதோடு ஒப்பிட்டால் அற்பம். கொஞ்சம் ஒளியை மறைக்கும், அவ்வளவுதான்.

பெரிய தொலைநோக்கிகளில் இழப்பு இன்னும் பெரிது. காற்றின் கலக்கத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவுகிறது. தொலைநோக்கியின் விட்டம் கூடும்போது, அந்த ஒளியை முழுவதும் வாங்கி அதே நுணுக்கத்தில் பிரிக்க, கீற்றணியும் நீள வேண்டியிருக்கிறது. சிலியின் பாரனாலில் 8.2 மீட்டர் தொலைநோக்கியில் உள்ள யூவெஸ் நிறமாலைமானியின் கீற்றணி 84 செ.மீ. நீளம். ஒரே கட்டையின் மேல் இரண்டு நகல்களை அடுத்தடுத்துப் பதித்துத்தான் அந்த நீளத்தைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஒன்று கெட்டால் கடையில் போய் வாங்கிவர முடியாது.

சரி, தூசியை என்ன செய்வது? முதலில் வர விடாதீர்கள். மூடி எப்போதும் இருக்கட்டும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கையுறையோடு. முகக்கவசம் இல்லாமல் அதன் முன் பேசவே வேண்டாம், எச்சில் துளி போதும். வாயால் ஊதாதீர்கள். மிஞ்சினால், உலர்ந்த நைட்ரஜனைத் தள்ளி நின்று மெதுவாக விடலாம். ஜெலட்டினை இரு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துச் செய்யும் ஒளி ஊடுருவும் வகை மட்டும் வேறு. அதன் வெளிக் கண்ணாடியை லென்ஸைப் போலவே துடைக்கலாம், ஆனால் ஈரம் உள்ளே போகக் கூடாது.

தவறிப்போய்த் தொட்டுவிட்டீர்களா? உடனே மூடியைப் போட்டுவிட்டு, பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள். எங்கள் மாணவர் அன்றே வந்து சொன்னார். அதனால்தான் அந்தப் பட்டையை விலக்கி, மீதிப் பரப்பை இன்றும் பயன்படுத்துகிறோம்.