சின்ன ரிவால்வர் கைக்கு ஏன் சுலபமில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிப் பேச்சை யார் எடுத்தாலும் அது 1948-இல் போய்த்தான் நிற்கும். அந்த ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து தொடங்கியது. இடுப்பில் ரிவால்வரோடு தோட்டம் சுற்றிய துரைமார் கதை இன்றும் சாப்பாட்டுக் கடைகளில் ஓடுகிறது. அவசரகாலம் முடிந்த 1960-இலேயே ஆயுதச் சட்டமும் வந்துவிட்டது. தண்டனையைக் கூட்டிய 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, கூடவே பிரம்படி. ஆகவே இங்கே உட்கார்ந்துகொண்டு எந்த ரிவால்வர் வாங்கலாம் என்று யோசிப்பவர் யாருமில்லை.

ஆனால் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். கேள்வி அங்கிருந்து வாட்ஸாப்பில் வருகிறது: “அம்மாவுக்கு விரலெல்லாம் மூட்டுவாதம். குட்டி ரிவால்வராகப் பார்த்து வாங்கினால் சுலபமாகச் சுடலாம்தானே, மாமா?” காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை அது. துப்பாக்கி சிறிதானால் வேலையும் சிறிது என்று நினைப்பது இயல்புதான். நிஜத்தில் இது தலைகீழ்.

பிஸ்டலை விட்டுவிட்டு ரிவால்வரைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற, மேல்பகுதியைக் கெட்டியான ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னால் இழுக்க வேண்டும். பலமில்லாத கைக்கு அது பெரும்பாடு. ரிவால்வரில் அந்தத் தொல்லை கிடையாது. தோட்டா அறைகள் உள்ள உருளையைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூடினால் போதும். சரி, அந்தப் பலம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, டிரிகருக்கு மாறியிருக்கிறது.

ரிவால்வரின் டிரிகரை ஒருமுறை இழுக்கும்போது உள்ளே மூன்று வேலை நடக்கிறது. உருளை ஒரு அறை சுழல்கிறது, சுத்தியல் பின்னால் போகிறது, கடைசியில் அது விடுபட்டு முன்னால் வந்து அடிக்கிறது. சுத்தியலைப் பின்னால் தள்ளுவது என்றால் முதன்மை ஸ்பிரிங்கை அமுக்குவது. தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் வெடிக்க ஒரு குறைந்தபட்ச அடி தேவை. அந்த அடிக்கான ஆற்றலை ஸ்பிரிங்கில் சேர்த்து வைப்பது ஆட்காட்டி விரல். பல ரிவால்வர்களில் இதற்கு நாலரை முதல் ஐந்தரை கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டியிருக்கும். கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால், டிரிகருக்கு மிஞ்சுவது விடுவிக்கும் வேலை மட்டும். ஒன்றரை, இரண்டு கிலோவில் முடிந்துவிடும். ஆனால் மூட்டுவாதம் பல பேருக்குக் கட்டைவிரலின் அடியில்தான் முதலில் வந்து உட்காருகிறது. போதாக்குறைக்கு, பையில் மாட்டாமல் இருக்கட்டும் என்று சுத்தியலையே மூடிவிட்ட குட்டி ரிவால்வர்களில் இந்த வழியே கிடையாது.

ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடலாமே என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் தளர்த்தினால் அடி போதாமல் தோட்டா வெடிக்காது. செய்ய வேண்டிய வேலை குறையாது, அதைப் பரப்பித்தான் கொடுக்க முடியும். மேட்டில் சைக்கிளை நேராக மிதிக்காமல் வளைந்து வளைந்து ஏறுவோமே, அதே கணக்கு: தூரம் கூடும், மிதி லேசாகும். 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர் என்ற குட்டி ரிவால்வர் இதை வேறு விதமாகச் செய்தது. உள்ளே விசையைக் கடத்தும் கேம் என்ற வளைந்த பாகத்தின் வடிவத்தை மாற்றி, உராய்வைக் குறைத்து, இழுப்பின் நடுவே வரும் உச்சத்தைத் தட்டையாக்கினார்கள். பெரிய ரிவால்வரில் நீளமான ஸ்பிரிங்குக்கும் கனமான சுத்தியலுக்கும் இடம் இருப்பதால் இழுப்பைப் பதமாக அமைக்கலாம். குட்டியில் எல்லாமே நெருக்கடி.

இன்னொரு சங்கடமும் உண்டு. 400 கிராம் துப்பாக்கியை ஐந்து கிலோ இழுப்பில் இழுத்தால், அதன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. மற்ற விரல்கள் இறுக்கிப் பிடிக்காவிட்டால் குழாய் முனை ஆடும், குறி தவறும்.

இனி உதைப்புக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பள்ளிக்கூட இயற்பியலே போதும். ரிவால்வரில் பரவலாகப் போடும் 38 ஸ்பெஷல் தோட்டாவின் ரவை, அதாவது பறந்து போகும் குண்டு, சுமார் 10 கிராம், வேகம் விநாடிக்கு 230 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரவைக்குக் கிடைக்கும் உந்தம் (நிறை × வேகம்) அதே அளவில் துப்பாக்கிக்கும் பின்னோக்கிக் கிடைக்கிறது. 900 கிராம் எஃகு ரிவால்வர் விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் உள்ளங்கைக்குள் வரும். உதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய 3 ஜூல். 400 கிராம் ரிவால்வர் என்றால் வேகம் ஆறு மீட்டரை நெருங்கும், ஆற்றல் ஆறரை ஜூலைத் தாண்டும். ரவைக்குப் பின்னால் குழாயிலிருந்து பீறிடும் வாயுவின் பங்கு தனி. குழாய் கைக்கு மேலே இருப்பதால் இந்த உதைப்பு மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது. மெத்தென்ற ரப்பர் பிடி அடியை அகலமாகப் பரப்பும், கொஞ்சம் தாமதப்படுத்தும். மாயம் எதுவும் செய்யாது.

பிரிட்டிஷ் ராணுவமே இந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தது. முதல் உலகப் போரில் அவர்களிடம் இருந்த வெப்லி ரிவால்வர், 455 காலிபர் (குழாய்த் துளை ஏறக்குறைய 0.455 அங்குலம்), ரவை மட்டும் 17 கிராம். புதிய சிப்பாய்களைப் பழக்குவது கஷ்டமாக இருந்ததால், போருக்குப் பிறகு 38 காலிபர் (பெயரளவில் 0.38 அங்குலம்) என்ஃபீல்டு ரிவால்வருக்கு இறங்கினார்கள். பின்னாளில் அதன் ஸ்பிரிங்கையும் லேசாக்கினார்கள்.

அப்படியானால் 22 காலிபர் வாங்கலாமா? ரவை வெறும் இரண்டரை கிராம் சொச்சம். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் உந்தம் மூன்றில் ஒரு பங்காகும், உதைப்பின் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆனால் அதில் தனிப் பிரைமர் கிடையாது. பிரைமருக்குரிய மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. பித்தளை விளிம்பையே நசுக்க வேண்டியிருப்பதால் இன்னும் பலமான அடி தேவை, அதற்கு இன்னும் கெட்டியான ஸ்பிரிங். உதைப்பு மிக லேசாக இருக்கும் துப்பாக்கியில் டிரிகர் கடினமாக இருப்பது இதனால்தான்.

என்னைக் கேட்டால், முக்கால் கிலோவுக்குக் குறையாத எஃகு ரிவால்வர், வெளியே தெரியும் சுத்தியல், 32 காலிபர் அல்லது மருந்து குறைந்த 38 தோட்டா என்பேன். சட்டைப் பையில் அடங்காது. வீட்டில் பூட்டி வைக்கும் பொருளுக்குச் சட்டைப் பை எதற்கு? வாங்குவதற்கு முன் அம்மாவையே கடைக்கு அழைத்துப் போய், துப்பாக்கி காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து டிரிகரைப் பத்து முறை இழுக்கச் சொல்ல வேண்டும். முதல் இழுப்பு யாருக்கும் வரும், ஏழாவது எட்டாவதில்தான் விரல் உண்மையைச் சொல்லும். காலி உறைகளை வெளியே தள்ளும் கம்பியையும் அவரே அழுத்திப் பார்க்கட்டும். குட்டி ரிவால்வரில் அந்தக் கம்பியும் குட்டை. உறைகள் பாதி வெளியே வந்து நின்றுவிடும்.