வாவிக்கு அப்பாலுள்ள ஊரும் பிரதேச சபையும்: துறை, வீதி, குடிநீர் கேட்கும் முறை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நாம் அழைக்கிறோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைக் கடந்துதான் படுவான்கரை மக்கள் பலர் பெரியாஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் போய் வருகிறார்கள். மண்முனைத்துறையில் 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்படும் வரை அங்கே "பாதை" என்று நாம் சொல்லும் மிதவைப் படகுதான் இரு கரைகளையும் இணைத்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் நெடுங்காலமாக மக்கள் பாதையை நம்பியே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இவற்றைத் தவிர, கோடையில் நிலத்தோடு ஒட்டியிருந்து மாரியில் தீவாகிவிடும் ஊர்களும் உண்டு. கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடும்போது அப்பாலுள்ள ஊர்கள் தோணியையும் இயந்திரப் படகையும் எதிர்பார்த்திருக்கும் நிலை நமக்குப் புதியதல்ல.

இப்படிப்பட்ட ஊர் ஒன்று தனக்கு வேண்டிய இறங்குதுறையையோ வீதியையோ குடிநீரையோ உள்ளூராட்சி மன்றத்தின் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்பதையே இங்கே விளக்குகிறேன். சட்டத்தில் இடமில்லாததால் கிடைக்காமற்போன வேலைகளை விட, தவறான கந்தோருக்குத் தவறான மாதத்தில் எழுதியதால் கிடைக்காமற்போன வேலைகளே அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தது. காணி, நிவாரணம், கிராம உத்தியோகத்தரின் வேலைகள் ஆகியவை அதன் வழியாக நடக்கின்றன. பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் மன்றம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிர்வகிக்கும் பொறுப்பையும், தன் எல்லைக்குள் வாழும் மக்களின் நலனையும் வசதியையும் பேணி வளர்க்கும் பொறுப்பையும் சபையிடம் ஒப்படைக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என மொத்தம் 12 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பின் புதிய சபைகள் கூடும் வரை, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலேயே பிரதேச சபைகள் செயலாளர்களின் பொறுப்பில் நடந்தன. இப்போது உங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவருக்கு நீங்கள் வாக்களித்தீர்களா இல்லையா என்பது உங்கள் கோரிக்கையோடு சம்பந்தப்பட்ட விடயமே அல்ல.

இனி, கடிதம் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம்: அது யாருடையது? இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. ஊருக்குள் கிளைக்கும் பெரும்பாலான வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை. வயலுக்குப் போகும் பாதைகள் கமநல சேவைகளின் கீழும், குளக்கட்டுகளும் வாய்க்கால் ஓரங்களும் நீர்ப்பாசனத்தின் கீழும் வரலாம். ஒரே கிறவல் வீதி ஊருக்குள் சபையுடையதாகவும், ஊரைத் தாண்டி வயற்கரையில் வேறொரு திணைக்களத்தினுடையதாகவும் இருப்பது நம் பகுதியில் சாதாரணம். வாவியைக் கடக்கும் பாதைகளும் இறங்குதுறைகளும் நாடு முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவுக்குத் தனியாகவே ஒரு பிரதேச சபை இருந்தும், அங்கே ஓடும் குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. ஆகவே துறைக்குப் போகும் வீதி, துறையின் படிக்கட்டு, அங்கே எரிய வேண்டிய விளக்கு, ஓடும் பாதை ஆகிய நான்கையும் நான்கு தனித்தனி விடயங்களாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரைக் கேட்டறிவது நல்லது.

எங்கள் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் எழுத்து வேலை பார்த்த நாட்களில், உடைந்துபோன மதகு ஒன்றுக்காக ஒரே அலுவலகத்துக்கு மூன்று முறை கடிதம் அனுப்பினோம். மூன்றுக்கும் பதில் வரவில்லை. நான்காம் முறை நேரில் போனபோதுதான் அந்த மதகு அவர்களுடைய வீதிப் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் இரண்டு மாரி கழிந்துவிட்டது. சபையிடம் தன் வீதிகளின் பதிவேடு இருக்கும். உங்கள் வீதி அதில் இருக்கிறதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு எழுதினால் இந்த இழப்பு நேராது. பதிவேட்டில் இல்லாத வீதி என்றால், அதை உட்படுத்தும்படி கேட்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். ஏனெனில் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் சபை பணம் செலவழித்தால் கணக்காய்வில் அது கேள்விக்குள்ளாகும்.

அடுத்தது காலம். சபையின் நிதியாண்டு ஜனவரி 1ஆம் திகதி தொடங்கி டிசம்பர் 31ஆம் திகதி முடிகிறது. வரும் ஆண்டின் பாதீட்டை, அதாவது வரவு செலவுத் திட்டத்தை, சபையின் தலைவரான தவிசாளர் ஆண்டு முடிவதற்குள் சபையில் சமர்ப்பித்து நிறைவேற்ற வேண்டும். நவம்பரில் வெள்ளம் வந்து வீதி அறுந்தபின் எழுதும் கடிதம், அநேகமாகத் தயாராகி முடிந்த பாதீட்டின் வாசலில்தான் போய் நிற்கும். அவசர வேலைக்கு வேறு ஒழுங்குகள் உண்டு. நிரந்தர வேலைக்கு அவை போதாது. எனவே கச்சான் காற்று வீசும் மாதங்களிலேயே, அதாவது ஆகஸ்டும் செப்டெம்பரும் கழிவதற்குள், கோரிக்கை எழுத்தில் சபையின் கையில் இருக்க வேண்டும். உத்தேச பாதீடு மக்களின் பார்வைக்கு வைக்கப்படும்போது சபைக் காரியாலயத்துக்கோ உப அலுவலகத்துக்கோ போய், உங்கள் வட்டாரத்தின் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "வீதிப் பராமரிப்பு" என்று பொதுவாக ஒரு தொகை இருப்பதற்கும் உங்கள் வீதியின் பெயர் அங்கே அச்சாகியிருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பெயர் இல்லாத இடத்தில் எழுத்துமூலம் ஆட்சேபத்தையோ ஆலோசனையையோ கொடுக்கலாம்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். "எமது கிராமத்துக்கு அபிவிருத்தி வேண்டும்" என்பது கோரிக்கை அல்ல. எந்த வீதி, எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீற்றர், எத்தனை குடும்பங்கள், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள், மாரியில் எத்தனை நாட்கள் போக்குவரத்து நிற்கிறது, கர்ப்பிணித் தாய்மாரை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்பவற்றை எழுத வேண்டும். வாவி ஓரத்து ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் சிறிய ஊர் எப்போதும் பட்டியலின் அடியில்தான் நிற்கும். வேறு வழியே இல்லாத ஊர் என்ற நிலையை எண்ணிக்கையில் காட்டினால்தான் அது மேலே வரும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், மீனவர் சங்கம் ஆகியவை ஒரே கோரிக்கையில் ஒப்பமிட்டு, தவிசாளருக்கு அனுப்பி, செயலாளருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதிகள் கொடுத்து, பதிவுத் தபால் பற்றுச்சீட்டையோ திகதி முத்திரை பதித்த பிரதியையோ பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சபை மாதம் ஒருமுறையாவது பொதுக்கூட்டம் கூட வேண்டும் என்பது சட்டம். உங்கள் விடயம் பேசப்பட்டதா என்பதற்குக் கூட்ட அறிக்கையே சாட்சி. வட்டார உறுப்பினர் அதைப் பிரேரணையாகக் கொண்டுவந்து, தீர்மானமாகப் பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் அவர் கொடுக்கும் வாக்குறுதிக்கு அறிக்கையில் இடமில்லை. பலர் அறியாத இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் குழுக்களில் உறுப்பினர்களோடு சேர்த்து அப்பிரதேசத்தில் வாழும் பொதுமக்களையும் சபை நியமிக்கலாம். நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என நான்கு குழுக்கள் உண்டு. இறங்குதுறையைத் தினமும் பயன்படுத்தும் ஒரு மீனவரோ, படகில் பாடசாலைக்குப் போய்வரும் ஓர் ஆசிரியையோ தொழில்நுட்பச் சேவைகள் குழுவில் இருந்தால், நீர்மட்டம் எங்கே ஏறும், படியை எங்கே வைத்தால் வழுக்காது என்பதை வரைபடம் கீறுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். இந்த இடத்தைக் கேட்டுப் பெறுங்கள் என்று ஒவ்வொரு சங்கத்துக்கும் நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பணத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். சபையின் சொந்த வருமானம் சோலை வரி, ஏக்கர் வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை போன்றவற்றிலிருந்து வருகிறது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகச் சேர்கின்றன. வயலும் மேய்ச்சல் தரையும் நிறைந்த படுவான்கரைச் சபைகளில் பெரிய கடைத்தெருக்கள் குறைவு. ஆகவே கையிருப்பும் குறைவு. பெரிய வேலைகளுக்கு மாகாண நிதியையோ மத்திய அரசின் ஒதுக்கீட்டையோ வெளிநாட்டு உதவியையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பாலம் போன்ற வேலை சபையின் சக்திக்கு அப்பாற்பட்டது. அதற்கான கோரிக்கை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் போக வேண்டும். சபையின் தீர்மானம் ஒன்று அங்கே இணைப்பாகப் போனால் அதற்குக் கனம் கூடும்.

குடிநீரைப் பொறுத்தவரை, குழாய் நீர் விநியோகம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. அது வந்து சேராத ஊருக்கு வறட்சிக் காலத்தில் பவுசரில் நீர் கொண்டுபோவதைப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இணைந்து ஒழுங்குசெய்வதுண்டு. பவுசர் நிற்கும் இடத்தையும் தாங்கி வைக்கும் இடத்தையும் ஊரே கூடித் தீர்மானித்து எழுதிக் கொடுத்தால் முதியவர்கள் குடத்தோடு நடக்கும் தூரம் குறையும்.

வாவிக்கரையில் கட்டப்படும் எதற்கும் இன்னொரு சட்டம் குறுக்கே வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரையில் நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான பகுதியைக் கரையோர வலயமாகக் கொள்கிறது; கடலோடு தொடுக்கும் வாவியின் ஒரு பகுதியும் அதன் கரையும் இவ்வலயத்துக்குள் வரும். அங்கே இறங்குதுறை கட்டவோ மண் நிரப்பவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. கண்ணா (கண்டல்) மரங்களை வெட்டித் துறை அமைத்தால் மீன்குஞ்சுகள் ஒதுங்கும் இடம் போய்விடும் என்பதை நம் மீனவர்கள் எந்த அதிகாரியையும் விட நன்றாக அறிவார்கள். அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்தப்படுவதே மிகப் பெரிய நட்டம். கொட்டிய கல்லும் மண்ணும் அடுத்த மாரியில் வாவிக்குள் போய்விடும். எனவே மதிப்பீடு தயாரிக்கும்போதே அனுமதிக்கு விண்ணப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

பதில் வராத கடிதங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களையும் அது கட்டுப்படுத்துகிறது. சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "ஏன் எங்கள் வீதியைச் செய்யவில்லை" என்று கேட்பதை விட, "இவ்வாண்டுப் பாதீட்டில் இவ்வட்டாரத்துக்கு ஒதுக்கிய வேலைகள் எவை, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, முடிக்க வேண்டிய திகதி எது" என்று கேட்பது பயன் தரும். முதலாவது கேள்விக்கு விளக்கம் வரும், இரண்டாவதற்கு ஆவணம் வரும். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செயற்றிட்டம் ஒன்று தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதன் விபரங்களைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் வெளிப்படுத்தும் கடமை பொறுப்பான அமைச்சருக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது.

வேலை முடிந்து படம் எடுத்துவிட்டுப் போனபின் ஒரு விடயம் மீதியிருக்கும். புதிய படிக்கட்டும் விளக்கும் சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, விளக்கின் மின்கட்டணத்தை யார் கட்டுவது, பாதையின் கயிறும் பலகையும் இற்றுப்போனால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைக் கையளிக்கும் நாளிலேயே எழுத்தில் பெற்று, அதன் பிரதி ஒன்றைச் சங்கத்தின் கோவையில் போட்டு வையுங்கள்.