கடுக்காய் மை, மஞ்சள், விளக்குக்கரி: செட்டிநாட்டு வீட்டில் எது எங்கே பிடிக்கும்?

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மையோ மஞ்சளோ சிந்திவிட்டால் எலுமிச்சம்பழத்தையும் புளியையும் தேடி ஓடாதீர்கள். கழிவறை ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கல் மணலும் சிமெண்டும் நிறப்பொடியும் சேர்ந்தது. சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரும் சுண்ணாம்புதான், இத்தாலியச் சலவைக்கல்லும் அதே இனம். புளிப்பு எதுவானாலும் சுண்ணாம்பைக் கரைக்கும். கறையோடு மெருகும் போய்விடும். மெருகு போன இடத்தில் அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும்.

வீட்டில் காய்ச்சும் மைகளில் அதிகம் தொல்லை தருவது கடுக்காய் மை. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 50 கிராமை இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். ஆறியபின் 5 கிராம் அன்னபேதியும் (இரும்புச் சத்துள்ள உப்பு, ஃபெரஸ் சல்பேட்) 10 கிராம் கருவேலம் பிசினும் கரைத்தால் போதும். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கருக்கும். உடனே கறுப்பாக வேண்டுமென்று அன்னபேதியை 20, 30 கிராம் கொட்டுகிறவர்கள் உண்டு. கடுக்காயின் துவர்ப்போடு சேராமல் மிஞ்சும் இரும்பு, மையின் புளிப்போடு சேர்ந்து தாளை அரித்துவிடும். இரும்பு மையால் எழுதிய பழைய பேரேடுகளில் எழுத்து இருக்கும் வரி மட்டும் பழுப்பேறி உதிர்வது இதனால்தான்.

தாளில் கறுப்பாக நிற்கும் இந்த மை சுண்ணாம்பில் விழுந்தால் நாளடைவில் துருப் பழுப்பாகிவிடும். மையின் புளிப்பைச் சுண்ணாம்பு முறித்துவிட, இரும்பு துருவாகக் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடுகிறது.

இப்போது பலரும் முகப்பின் தேக்குத் தூண்களைக் கறுப்பாக்க, வினிகரில் இரும்பாணியை ஒரு வாரம் ஊறவைத்த தண்ணீரைப் பூசுகிறார்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் அதில் சரியாகக் கரையாது, துருப்பிடிக்கிற இரும்புதான் வேண்டும். வாயு வெளியேறும் என்பதால் ஜாடி மூடியை இறுக்கக் கூடாது. தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம். அதனால் முதலில் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட்டு, கெட்டியான தேயிலைச் சாற்றை ஒரு கை பூசி, அது காய்ந்தபின் இரும்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். பழைய வார்னிஷ் இருந்தால் உப்புத்தாள் போட்டு எடுக்காமல் எதுவும் பிடிக்காது, திட்டுத்திட்டாகத்தான் வரும். ஆனால் மரம் கெட்டால் மறுபடி இழைத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கவலையெல்லாம் தூணின் அடியில் உள்ள தரையைப் பற்றித்தான். வழிகிற ஒரு சொட்டு முதலில் கல்லை அரிக்கும், பிறகு அந்தக் குழியிலேயே துருவாகப் படியும். செய்தித்தாள் விரித்தால் ஊறிப்போகும். தூணைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டே தொடங்குங்கள்.

துரு ஏற்கெனவே இறங்கியிருந்தால் பத்துப் போடுவதுதான் வழி. சோடியம் சிட்ரேட் 1 பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் 6 பங்கு, கிளிசரின் 7 பங்கு கலந்து, சாக் பவுடர் சேர்த்துக் களிம்பாகப் பிசையுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் மரக்கரண்டியால் எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் துடைக்க வேண்டும். ஒரே தடவையில் போகாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடாகவே இருக்கலாம் என்பதால், கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் போட்டுப் பாருங்கள்.

மஞ்சள் இவ்வளவு பயமுறுத்தாது. சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப் பொருள் பட்டால் சிவக்கும்; குங்குமம் செய்ய மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ப்பதும் அதற்குத்தான். புதுக் கல்லிலோ புதுப் பூச்சிலோ விழுந்தால் அப்போதே சிவக்கும். பழைய தரையில் மஞ்சளாகவே இருந்து, சோப்புத் தண்ணீர் பட்டதும் சிவக்கும். கறை பெரிதாகிவிட்டதென்று பதறி ஆசிட்டை எடுப்பது அந்த நேரத்தில்தான். தண்ணீர் ஊற்றி அலசினாலே சிவப்பு தணியும், மிச்சத்தை வெயில் வெளுக்கும். வளவில் (வீட்டின் நடுமுற்றப் பகுதி) வெயில் விழும் இடமென்றால் வேறெதுவும் செய்ய வேண்டாம்.

விளக்குக்கரியைப் பிசினில் குழைத்த மை எதனோடும் வினைபுரியாது, வெளுக்கவும் வெளுக்காது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பயனில்லை. ஈரத்துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டுப் பிசின் இளகியதும் ஒற்றி எடுங்கள்; தேய்த்தால் கரி துளைக்குள் போய்விடும். பனங்குருத்தில் இந்த மை நிற்காது, ஓலையின் மெழுகுத் தோல் தள்ளிவிடும். கொட்டானுக்கு (ஓலைக்கூடை) ஓலையைச் சாயத்தில் கொதிக்கவைப்பதும், சுவடியில் எழுத்தாணியால் கீறிய பிறகு மை தடவுவதும் அதனால்தான்.

கண்டாங்கிச் சேலையில் கடுக்காய் மை பட்டால் குளோரின் ப்ளீச் வேண்டாம். அது சேலையின் சாயத்தை எடுத்துவிட்டு, இரும்பைப் பழுப்பாக நூலிலேயே நிறுத்திவிடும். ஈரம் காயும் முன்னே, கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரை ஓடவிடுங்கள். எலுமிச்சையும் உப்பும் இங்கே உதவும். முந்தானையின் உள்மடிப்பில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தடவி, கால் மணி நேரத்தில் நன்றாக அலசிவிட வேண்டும். அலசும்போது அந்தத் தண்ணீர் தரைக் கல்லில் வழியாமல் வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள்.