நுங்குக்குள் வெள்ளைப் பொடி

ஸ்டீராய்டு என்றாலே வீக்கத்தை வற்ற வைக்கிற மருந்து என்றுதான் நினைப்போம். சர்க்கரை நோய் முற்றி ரெட்டினா, அதாவது விழித்திரை, கெட்டுப்போனவர்களுக்கு, கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை வெட்டி எடுக்கிற விட்ரெக்டமி ஆபரேஷனில் அதற்கு வேறு வேலை: வெள்ளையடிப்பது.

லென்சுக்கும் ரெட்டினாவுக்கும் நடுவே ஏறக்குறைய 4 மில்லி ஜெல் இருக்கிறது. இளநுங்கு மாதிரி. கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர், ஊடே கொலாஜன் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள். சர்க்கரையால் ரெட்டினாவின் பொடி ரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போனால், ஆக்சிஜன் கிடைக்காத இடங்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவையோ சொத்தைக் குழாய்கள், ஜெல்லின் பின்பக்கத்தைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு அவரைக்கொடி போலப் படரும், ஜெல் சுருங்கி இழுக்கும்போது கிழிந்து ரத்தம் கொட்டும், கூடவே வளர்ந்த தழும்புச் சவ்வு இறுகினால் ரெட்டினாவே பிய்ந்து வரும்.

சரி, பந்தலைப் பிரித்துவிட வேண்டியதுதானே? 1970-இல் அமெரிக்காவின் மியாமியில் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர் கண்ணைப் பிளக்காமல், சின்னத் துளை வழியாகவே ஜெல்லை வெட்டி உறிஞ்சிக் காட்டினார். அந்த முதல் நோயாளியும் சர்க்கரைக்காரர்தான். இன்று அந்தத் துளை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் வெட்ட வேண்டிய பொருள் கண்ணுக்கே தெரியாதே! அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஜெல்லின் பின்பரப்பு பல இடங்களில் இரண்டு ஏடாகப் பிளந்திருக்கும். மேல் ஏட்டை உரித்ததும் முடிந்தது என்று நினைத்தால், அடி ஏடு ரெட்டினாவில் ஒட்டியபடியே கிடக்கும். சவ்வு மறுபடி படர அது போதும்.

இங்கேதான் ட்ரையாம்சினோலோன் வருகிறது. மூட்டு வலிக்கு ஊசியாகப் போடுகிற அதே ஸ்டீராய்டு. இது தண்ணீரில் கரையாது, குலுக்கினால் நீர்மோர் போல வெண்துகள்கள் மிதக்கும். கண்ணுக்குள் விட்டால் துகள்கள் ஜெல் இழைகளில் சிக்கிக்கொள்ளும். ஜெல் இல்லாத ரெட்டினாவில் பிடிப்பில்லாமல் அலசிப் போய்விடும். வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் மிச்சம் என்று அர்த்தம். 2000-இல் கண் மருத்துவர் கோலாம் பேமன் குழு இந்த உத்தியை எழுதியது. 2007-இல் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத ஒரு வகைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

வேலை முடிந்ததும் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். வீக்கம் குறையட்டும் என்று கொஞ்சம் விட்டுவைப்பவர்களும் உண்டு, ஆனால் ஸ்டீராய்டு கண்புரையை வேகப்படுத்தும், கண் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் சிலருக்கு வாரக்கணக்கில் கழித்து, வலியே இல்லாமல் ஏறுவதால்தான், பார்வை தெளிந்த பிறகும் அளந்து பார்க்கத் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்கள்.