நீல ஒளி அணைந்த பிறகும் இறுகும் சிமெண்ட்

சொத்தையைச் சுரண்டி, ஒளியில் இறுகும் வகை கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைத்து, அதை இறுக்கும் நீல விளக்கை அணைத்த மறுகணமே நோயாளிகள் கேட்பது: "இப்போதே சாப்பிடலாமா, டாக்டர்?" மெல்லச் சாப்பிடலாம்; கடினமானவற்றை மட்டும் அன்று தள்ளிவையுங்கள் என்பேன். ஒளியில் இறுகுவது அந்தச் சிமெண்டின் ஒரு பாதிதான்.

1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சன், கென்ட் என்ற ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய பழைய வகை கிளாஸ் அயனோமரில் இருப்பவை ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசலும். அமிலம் கண்ணாடியைக் கரைக்க, வெளிவரும் கால்சியம், அலுமினிய அயனிகள் அமிலச் சங்கிலிகளைக் கட்டிப்போடுகின்றன. பல்லோடு ரசாயனமாக ஒட்டும், ஃபுளோரைடையும் கசியவிடும். ஆனால் தொடக்கத்தில் எச்சில் பட்டால் கரையும். வறண்டால் விரிசல் விடும். இந்தக் குறையைத் தீர்க்கவே ஹெமா என்ற ரெசினை (ஒளியில் இறுகும் பிசின் போன்ற பொருள்) சேர்த்தார்கள். நீல ஒளி பட்டதும் ரெசின் வலையாகப் பின்னிக்கொள்ளும். அமிலமும் கண்ணாடியும் சேரும் வேலை அதன் பிறகும் நீடிக்கும்.

ஹெமா தண்ணீரை இழுத்துச் சற்றே உப்பும். பல்லின் மேல் மாட்டும் வலிமை குறைந்த பீங்கான் உறைகளை (கேப்) இந்தச் சிமெண்டால் ஒட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். உப்பலின் அழுத்தத்தில் கேப் விரிசல் விடலாம்.

பிழை பெரும்பாலும் கலக்கும் பலகையில்தான் நேர்கிறது. திரவ பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டில் காற்றுக் குமிழி புகுந்து அளவு மாறும். நேராகக் கவிழ்த்துத்தான் சொட்டவிட வேண்டும். கலவை கெட்டியாகத் தெரிகிறதே என்று இன்னொரு சொட்டு விட்டால் வேலை சுலபம், அடைப்பு பலவீனம். தோசை மாவில் தண்ணீர் ஊற்றும் தாராளம் இங்கே ஆகாது! ஒளியும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம்தான் சரியாக இறங்கும். ஆழமான குழியைப் படிப்படியாக நிரப்ப வேண்டும். விளக்கின் முனையில் பழைய ரெசின் காய்ந்து ஒட்டியிருந்தால் அந்த ஆழமும் குறையும். அரைகுறையாக இறுகினால் மிச்சமுள்ள ஹெமா வெளியே கசியும்.

ஹெமா ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். திரவம் பட்டால் கையுறையை உடனே மாற்றுங்கள் என்று உதவியாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பல ஜெல் நகப்பூச்சுகளிலும் இதே ஹெமா உண்டு. அதைப் பூசி விரலில் அரிப்போ கொப்புளமோ வந்திருந்தால், நாற்காலியில் சாயும் முன்பே சொல்லிவிடுங்கள். ரெசின் இல்லாத பழைய வகைச் சிமெண்ட் இன்றும் கிடைக்கிறது.